செய்மதிப் போனில் குரல் பிந்தி வந்தால் எப்படிக் கதைப்பது?

அத்தான் திருகோணமலை கொட்பே துறைமுகத்திலிருந்து நெடுநாள் மீன்பிடிப் படகில் போகிறவர். கடலில் இருந்து செய்மதிப் போனில் எடுத்தால் அக்கா ஒரு கேள்வி கேட்பா, பதில் உடனே வராது, "ஏன் கதைக்காம நிக்கிறீங்கள், கோபமா?" என்று அடுத்ததைக் கேட்பா, அதற்குள் அவருடைய பதில் வந்து மோதும், இரண்டு பேரும் நிறுத்தி, பிறகு இரண்டு பேரும் ஒன்றாகத் தொடங்கி, கடைசியில் காசு முடிந்துவிடும். கோபமும் இல்லை, பழுதும் இல்லை. தூரம்தான்.

செய்மதிப் போன் சேவை தரும் துராயா, இன்மர்சாட் நிறுவனங்களின் செய்மதிகள் பூமத்திய ரேகைக்கு மேலே 35,786 கிலோமீற்றர் உயரத்தில் இருக்கின்றன. குரல் ஏறி இறங்க ஏறக்குறைய 72,000 கிலோமீற்றர். நொடிக்கு 3 லட்சம் கிலோமீற்றர் போகும் ரேடியோ அலைக்கே அது கால் நொடி. பதில் வர இன்னொரு கால் நொடி. குரலை எண்களாக மாற்றி அனுப்பும் நேரம் வேறு. போனில் எதைத் தட்டினாலும் இது குறையாது, கதைக்கும் விதத்தைத்தான் மாற்ற வேண்டும்.

முதலில் "ம்… ம்…" போடுவதை விடுங்கள். நமக்கு அது கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பதற்கு அடையாளம், ஆனால் அங்கே அது பிந்திப் போய் அவர் அடுத்த வசனத்தில் இருக்கும்போது விழும், ஏதோ கேட்கிறீர்கள் என்று நினைத்து நிறுத்திவிடுவார். அவர் முடிக்கும் வரை பேசாமல் இருங்கள். முடித்ததை எப்படி அறிவது? படகு ரேடியோவில் சொல்கிற மாதிரி "ஓவர்" சொல்லச் சொல்லுங்கள், கூச்சமாக இருந்தால் "சரி, சொல்லு" போதும். ஒரு தடவைக்கு ஒரு கேள்வி. படகு நிற்கும் இடத்தை அகலாங்கு, நெட்டாங்கு எண்களில் சொன்னால் அவற்றை ஒவ்வொன்றாக வாங்கி, எழுதி, திருப்பி வாசித்துக் காட்டுங்கள், இதில் மட்டும் அவசரப்படவே வேண்டாம்.

ஸ்பீக்கரில் போடாதீர்கள், அவருடைய குரலே எதிரொலியாக அவருக்குத் திரும்பிப் போகும்.

அவருடைய போன் இரிடியம் என்ற இன்னொரு சேவை என்றால், அதன் 66 செய்மதிகளும் சுமார் 780 கிலோமீற்றர் உயரத்தில்தான் சுற்றுகின்றன, தாமதம் குறைவு, ஆனாலும் கொஞ்சம் இருக்கும்.

படகு வெளிக்கிட முதல் துறைமுகத்தில் வைத்தே ஒருக்கா எடுத்து, நீங்கள் "ஒன்று" என்றால் அவர் "இரண்டு" என்று மாறி மாறிப் பத்து வரை எண்ணிப் பாருங்கள். எவ்வளவு பொறுக்க வேண்டும் என்று காது தானாகப் பிடித்துக்கொள்ளும்.