லினக்ஸின் எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப்புக்குத் தீம், ஐகான் தேர்ந்தெடுப்பது

முதலில் ஐகானை மாற்றுங்கள், தீம் அப்புறம். ஐகான் மாறினாலே பாதி டெஸ்க்டாப் புதிதாகத் தெரியும். எனக்குப் பிடித்தது பாப்பிரஸ் என்ற ஐகான் தொகுப்பு. டெபியன், உபுண்டு ஆகிய லினக்ஸ்களின் மென்பொருள் களஞ்சியங்களிலேயே அது இருப்பதால் இணையத்தில் தேடி அலைய வேண்டாம். பேனல் (திரை ஓரத்துப் பட்டை) கறுப்பாக இருந்தால் பாப்பிரஸ் டார்க் போடுங்கள், இல்லையென்றால் வைஃபை, ஒலி ஐகான்கள் கறுப்பில் கறுப்பாகக் கரைந்துவிடலாம்.

வெளியிலிருந்து இறக்கிய தீம் என்றால், ஹோம் கோப்புறையில் கண்ட்ரோல், ஹெச் இரண்டையும் அழுத்துங்கள், மறைந்திருப்பவை தெரியும். புள்ளியில் தொடங்கும் தீம்ஸ், ஐகான்ஸ் கோப்புறைகள் அங்கே இல்லையென்றால் நீங்களே உருவாக்கி, ஜிப்பைப் பிரித்து உரியதில் போடுங்கள். பலரும் தடுக்கி விழுவது இங்கேதான்: பிரித்தால் பல சமயம் கோப்புறைக்குள் இன்னொரு கோப்புறை இருக்கும், அப்போது அந்த உள் கோப்புறையைத்தான் நகர்த்த வேண்டும், வெளியே உள்ளதைப் போட்டால் பட்டியலில் தீம் வரவே வராது (நான் ஒரு சாயங்காலம் முழுக்க இதில் தொலைத்திருக்கிறேன்).

அப்பியரன்ஸ் அமைப்பில் ஸ்டைல், ஐகான்ஸ் இரண்டையும் மாற்றலாம். ஆனால் ஜன்னலின் தலைப்புப் பட்டை மாறாமல் போகலாம், அப்போது விண்டோ மேனேஜர் அமைப்பில் தனியாகப் போய் மாற்ற வேண்டும். அங்கே உங்கள் தீம் பெயர் இல்லையா? அதைச் செய்தவர் எக்ஸ்எஃப்டபிள்யூஎம்4 (அந்த விண்டோ மேனேஜரின் பெயர்) கோப்புறையைச் சேர்க்கவில்லை என்று அர்த்தம், வேறு தீம் பாருங்கள்.

க்னோம் என்ற இன்னொரு லினக்ஸ் டெஸ்க்டாப்பின் புதிய செயலிகள் சில எந்தத் தீமுக்கும் மசியாது. அவற்றின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் லிபஅத்வைதா நிரலகம் வந்த பிறகு அப்படித்தான், விட்டுவிடுங்கள்.