தட்டை ஊரிலிருந்து மலைக்கு: வடசென்னையில் பழகி ஏலகிரி ஏறி இறங்குவது எப்படி

"சைக்கிளில் ஏலகிரிக்குப் போறேன், எந்த வீல் வாங்கலாம்?" என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். உங்கள் பின்சக்கரத்து கேசட்டில், அதாவது அந்தப் பல்சக்கர அடுக்கில், இருக்கிற பெரிய பல்சக்கரத்துக்கு எத்தனை பல்? நிறைய பேருக்குத் தெரியாது. தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், மணலி, வியாசர்பாடி என்று நம் பக்கம் ஓட்டுகிறவர்களுக்கு அதைத் தெரிந்துகொள்ளும் தேவையே வந்திருக்காது. கடல்மட்டத்துக்குச் சற்று மேலே விரிந்து கிடக்கிற ஊர் இது, மேடு என்றால் மேம்பாலம்தான். ஆனால் மலையில் முதல் இரண்டு கிலோமீட்டர் தாண்டியதும் உங்கள் காலுக்கும் மலைக்கும் நடுவில் பேச்சுவார்த்தை நடத்துவது அந்தப் பெரிய பல்சக்கரம் மட்டும்தான்.

நான் முதல்முறை ஏலகிரிக்குப் போனது முன்னால் 39, பின்னால் 25 பல் இருந்த பழைய ரோடு சைக்கிளில். எண்ணூர் வரைக்கும் போய்வர அது அருமையான வண்டி. மொத்தம் 14 கொண்டை ஊசி வளைவுகளில் ஒன்பதாவதைத் தாண்டியதும் முட்டி வலித்து இறங்கித் தள்ளினேன். காலில் பலம் இல்லை என்று அன்றைக்கு நினைத்தேன், வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டபோதுதான் விஷயம் புரிந்தது. நீங்களும் சைக்கிளுமாகச் சேர்ந்து 80 கிலோ என்று வையுங்கள். நூறு மீட்டருக்கு ஏழு மீட்டர் உயர்கிற சாலையில் மணிக்கு 9 கிலோமீட்டர் வேகத்தில் ஏற ஏறக்குறைய 155 வாட் வேண்டும். அது சுமாராகப் பயிற்சி உள்ள ஆளால் ஒரு மணி நேரம் தாங்கக்கூடிய அளவுதான். அந்த வேகத்துக்கு 39க்கு 25 போட்டால் நிமிஷத்துக்கு 46 தடவைதான் பெடல் சுற்றும், ஒவ்வொரு மிதியும் படிக்கட்டில் மூட்டையோடு ஏறுகிற மாதிரி இருக்கும். 34க்கு 28 என்றால் 59 சுற்று. 34க்கு 34 என்றால் 71 சுற்று, மூச்சு வாங்கினாலும் முட்டி பிழைக்கும். வாட் அதேதான், வேகமும் அதேதான், மாறுவது ஒரு மிதிக்கு எவ்வளவு பாரம் என்பது மட்டும்.

அதனால் செலவு செய்வதாக இருந்தால் முதல் செலவு கேசட்டுக்கு. முன்னால் காம்பேக்ட், அதாவது 50 பல்லும் 34 பல்லுமாக இரண்டு பல்சக்கரம், இருந்தால் பின்னால் 11-32 அல்லது 11-34 (சின்னதுக்கு 11 பல், பெரியதுக்கு 32 அல்லது 34) போடுங்கள். ஒரு எச்சரிக்கை: செயினைப் பல்லுக்குப் பல் தூக்கிப் போடுகிற அந்தப் பின் டிரெய்லியர் அவ்வளவு பெரிய பல்சக்கரத்தைத் தாங்குமா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். உதாரணத்துக்கு ஷிமானோ 105 ஆர்7000 வரிசையில் குட்டைக் கை டிரெய்லியர் 30 பல் வரைக்கும்தான், நீளக் கை உள்ளது 34 வரைக்கும் போகும். கேசட்டை மாற்றினால் பழைய செயின் நீளம் போதாமல் போகலாம். முன்னாலும் பின்னாலும் பெரிய பல்சக்கரத்தில் போட்ட நிலையில் செயின் விறைத்து நிற்கிறதா என்று ஸ்டாண்டில் வைத்துக் கையால் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் கடையை விட்டு வெளியே வர வேண்டும்.

வீலுக்கு வருவோம். அரை கிலோ குறைந்த வீலுக்குப் பல ஆயிரம் கொடுக்கிறோமே, அது ஒரு மணி நேர ஏற்றத்தில் மிச்சப்படுத்துவது இருபது விநாடிக்குச் சற்று மேல், அவ்வளவுதான். 80 கிலோவில் அரை கிலோ என்ன விகிதமோ நேரத்திலும் அதே விகிதம். பந்தயம் ஓட்டுகிறவருக்கு அந்த இருபது விநாடி பெரிய விஷயம், அவர் வாங்கட்டும். முதல்முறை மலைக்குப் போகிறவர் அந்தப் பணத்தில் கேசட், பிரேக் பேட், கேபிள், இரண்டு நல்ல டயர் எல்லாம் வாங்கிவிட்டு ரயில் டிக்கெட்டும் எடுத்துவிடலாம்.

சரி, மலையே இல்லாத ஊரில் எங்கே பழகுவது? பலரும் மேம்பாலத்தைச் சொல்வார்கள். மூலக்கடை, பெரம்பூர், எர்ணாவூர் என்று நமக்கும் இருக்கின்றன. ஆனால் பாலம் ஏறி முடிக்க ஒரு நிமிஷம் ஆகாது, மறுபக்கம் இறங்கும்போது கால் ஓய்வெடுத்துவிடும், மலை அப்படி ஓய்வு கொடுக்காது. பாலத்தை நான் வேறு ஒன்றுக்கு வைத்திருக்கிறேன், அதைப் பிறகு சொல்கிறேன். மலைக்கு நிஜமாக ஈடுகொடுப்பது எண்ணூர் விரைவுச்சாலையின் எதிர்க்காற்று. மார்கழி, தை மாதங்களில் வாடை அடிக்கும்போது காசிமேட்டிலிருந்து வடக்கே எண்ணூர் பக்கம் ஓட்டிப் பாருங்கள், மிதிப்பதை நிறுத்திய கணமே வண்டி செத்துப்போகும், மலையிலும் அதேதான். தொடர்ந்து இருபது நிமிஷம் மிதியை விடாமல் ஓட்டுவது, கொஞ்சம் தளர்வாக ஓட்டுவது, திரும்ப இருபது நிமிஷம். வாரம் இரண்டு நாள் போதும். அதில் ஒரு நாள், ஐந்து ஐந்து நிமிஷமாக வேண்டுமென்றே கனமான கியரில் நிமிஷத்துக்கு 50, 55 சுற்று மட்டும் உட்கார்ந்தபடியே மிதியுங்கள். மலையில் கால் மெதுவாகத்தான் சுற்றும், அந்தப் பாரம் தொடைக்கு முன்னமே அறிமுகமாகியிருக்க வேண்டும். முட்டியில் சுருக்கென்று குத்தினால் அன்றைக்கு அந்தப் பயிற்சியை விட்டுவிடுங்கள்.

அந்தச் சாலையில் துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் டிரெய்லர்கள் வரிசை கட்டி நிற்கும் என்பது நம் ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. விடியற்காலையில் போங்கள், பின்விளக்கு எரியட்டும், நிற்கிற டிரெய்லருக்கும் ஓடுகிற டிரெய்லருக்கும் இடையில் எக்காரணம் கொண்டும் நுழையாதீர்கள். நீண்ட நேரம் சீட்டில் உட்காரப் பழக மீஞ்சூர், பொன்னேரி வழியாகப் பழவேற்காடு போய் வரலாம், போக வரச் சுமார் நூறு கிலோமீட்டர். அப்புறம் ஏலகிரிக்கு முன்னால் ஒரு சின்ன ஒத்திகை வேண்டுமென்றால் திருத்தணி இருக்கிறது. படியேறுகிறவர்களுக்கு 365 படி, வண்டிகளுக்குத் தனிச் சாலை. நீளம் குறைவுதான், ஆனால் பாலம் இல்லை அது, மேடு என்றால் என்ன என்று உடம்புக்குச் சொல்லிக்கொடுக்கும். கூட்டம் இல்லாத நாளாகப் பார்த்துப் போங்கள், கிருத்திகையன்று வேண்டவே வேண்டாம்.

இப்போது இறக்கம். இதைத்தான் நான் அதிக நேரம் பேச விரும்புகிறேன், ஏனென்றால் ஏறத் தெரியாதவர் இறங்கித் தள்ளுவார், இறங்கத் தெரியாதவர் விழுவார். ஏழு சதவீத இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் விட்டால் நேர்ச்சாலையில் வண்டி தானாக மணிக்கு 60 கிலோமீட்டரைத் தொட்டுவிடும். நம் ஊரில் 30க்கு மேல் ஓட்டவே வாய்ப்புக் குறைவு. வேகம் இரட்டிப்பானால் நிற்கத் தேவையான தூரம் இரண்டு மடங்கு இல்லை, நான்கு மடங்கு. அந்தக் கணக்கு கைக்குத் தெரியாது, பழக்கத்தில்தான் வரும்.

மேம்பாலம் எதற்கு என்றேனே, இதற்குத்தான். போக்குவரத்து இல்லாத விடியற்காலையில் பாலத்து இறக்கத்தில் ஹேண்டில்பாரின் கீழ் வளைவைப் பிடித்தபடி இறங்கிப் பழகுங்கள். மேலே ஹூட்டை, அதாவது பிரேக் நெம்பின் ரப்பர் தலைப்பகுதியை, பிடித்துக்கொண்டு இறங்குவதை விட அங்கிருந்து பிரேக் நெம்புக்கு விரல் நன்றாக எட்டும், பலமும் அதிகம் கிடைக்கும், உடம்பும் தாழ்ந்து நிற்கும். பின்னால் யாரும் இல்லை என்று உறுதியானதும் இடுப்பைச் சீட்டுக்குப் பின்னால் தள்ளி இரண்டு பிரேக்கையும் பிடித்து நிறுத்திப் பாருங்கள். முன் பிரேக்தான் நிறுத்தும், பின் பிரேக் துணைக்கு. பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கினால் அதைக் கொஞ்சம் விட வேண்டும். அப்புறம் ஒரு காலி மைதானத்தில் இரண்டு தண்ணீர் பாட்டிலை வைத்து அவற்றைச் சுற்றி இடமும் வலமுமாகத் திரும்புங்கள், வெளிப்பக்கத்து மிதி கீழே, எடை அதன்மேல், கண் பாட்டிலில் இல்லை, பாட்டிலைத் தாண்டிப் போக வேண்டிய இடத்தில். பார்க்கிற இடத்துக்குத்தான் வண்டி போகும். பள்ளத்தையே பார்த்துக்கொண்டு போய்ப் பள்ளத்தில் விழுந்தவர்களை நம் தெருவிலேயே பார்த்திருப்பீர்கள்.

வண்டியைத் தயார் செய்யும்போது நம் ஊருக்கென்று சில தொல்லைகள் உண்டு. உப்புக்காற்றில் பிரேக் கேபிள் உறைக்குள்ளேயே துருப்பிடிக்கும், வெளியே பார்த்தால் தெரியாது. நெம்பைப் பிடித்து விட்டால் சட்டென்று திரும்பாமல் சோம்பலாக வந்தால் கேபிளும் உறையும் இரண்டையும் மாற்றுங்கள். நான் ஒருமுறை ஓவராயிலுக்கு விட்ட கடையில் கேபிள் மாற்றியாச்சு என்று சொன்னதை நம்பிப் போய், இறங்கும்போது முன் பிரேக் பாதிதான் பிடித்தது, நாலு வளைவு வரைக்கும் காலைத் தரையில் தேய்க்காத குறை. அன்றிலிருந்து மலைக்கு முந்தின நாள் கேபிளை நானே கழற்றிப் பார்க்கிறேன். பிரேக் பேடில் சாம்பல் துகள், இரும்புத் துகள் குத்திக்கொண்டு நிற்கும், குண்டூசியால் ஒவ்வொன்றாகக் கிளறி எடுங்கள், இல்லையென்றால் ரிம்மை அரம்போல ராவும். பேடில் இருக்கிற பள்ளக்கோடு மறைந்திருந்தால் புதுசு போடுங்கள். டிஸ்க் பிரேக் என்றால் பேட் கனத்தைப் பாருங்கள், எண்ணெயில் இயங்குகிற டிஸ்க்கில் நெம்பு பஞ்சுபோல அமுங்கினால் குழாய்க்குள் காற்று புகுந்திருக்கிறது, எண்ணெய் மாற்றி அந்தக் காற்றை வெளியேற்ற (ப்ளீட் செய்ய) வேண்டும்.

டயரை 28 மி.மீ. அகலத்துக்கு மாற்ற ஃப்ரேமில் இடம் இருந்தால் மாற்றிவிடுங்கள், 25ஐ விடப் பிடிப்பும் சொகுசும் அதிகம், 70 கிலோ ஆளுக்கு 75, 80 பி.எஸ்.ஐ. போதும். வெடித்த லாரி டயரிலிருந்து உதிர்கிற மெல்லிய கம்பி நம் சாலைகளில் பஞ்சருக்குப் பெரிய காரணம், டயரின் உள்பக்கம் விரலால் தடவிப் பாருங்கள், சிலது நாள் கழித்துத்தான் குத்தும். முன்சக்கரத்தில் ஒட்டுப்போட்ட டியூபோடு மலை இறங்க வேண்டாம். ரிம் பிரேக் வண்டியில் விடாமல் பிடித்துக்கொண்டே இறங்கினால் ரிம் சூடேறி ஒட்டு இளகும். கார்பன் ரிம்முக்கு இந்தச் சூடு இன்னும் ஆபத்து.

எந்த மலை முதலில் என்று கேட்டால், வளைவு எண்ணிக்கையை வைத்து எடை போடாதீர்கள். ஏலகிரிக்கு 14, சேலம் பக்கத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20, காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு 70. அதற்காகக் கொல்லிமலை ஏலகிரியைப் போல ஐந்து மடங்கு கடினம் என்று அர்த்தமில்லை. வளைவு என்பது சரிவைத் தணிக்கத்தான். பிரான்ஸில் பந்தயக்காரர்களைத் திணறடிக்கிற ஆல்ப் துவேஸ் ஏற்றத்துக்கு வெறும் 21 வளைவு, 13.8 கிலோமீட்டருக்குச் சராசரியே 8 சதவீதம். ஆனால் இறங்கும்போது நிலைமை வேறு, கொல்லிமலையின் 70 வளைவும் 70 தடவை பிரேக், கையும் மனசும் களைத்துப் போகும். என் வரிசை ஏலகிரி, ஏற்காடு, கொல்லிமலை. மசினகுடியிலிருந்து ஊட்டிக்கு ஏறுகிற கல்லட்டிச் சாலை 36 வளைவு, வெளியூர் வண்டிகளுக்கே கட்டுப்பாடு வைத்திருக்கிற அளவுக்குச் செங்குத்து. அதை ஒரு வருஷம் தள்ளி வையுங்கள்.

ஏலகிரிக்குப் போக நமக்கு சென்ட்ரல் பக்கத்திலேயே இருக்கிறது, ஜோலார்பேட்டையில் இறங்கினால் அடிவாரம் கிட்ட. சைக்கிளைப் பார்சலில் போட முன்கூட்டியே போய்விட வேண்டும், இல்லை சக்கரம் கழற்றிப் பையில் கட்டலாம். அடிவாரத்து ஊரின் பெயரும் பொன்னேரிதான், நம்ம பொன்னேரியில் ஆரம்பித்த பயிற்சி இந்தப் பொன்னேரியில் பரீட்சைக்கு வருகிறது என்று எனக்கு ஒவ்வொரு தடவையும் தோன்றும். முதல் மூன்று வளைவு சுலபமாக இருக்கும், அங்கேயே பலத்தைக் காட்டிவிடாதீர்கள், வாய்விட்டு ஒரு முழு வாக்கியம் பேச முடிகிற அளவுக்கு மேல் போகக் கூடாது. நாம் இடப்பக்கம் ஓட்டுவதால் இடது வளைவில் உள்பக்கம் மாட்டுவோம், அங்கேதான் சரிவு அதிகம், வளைவுக்கு முன்பே லேசான கியருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். வலது வளைவில் வெளிப்பக்கம் தணிவாக இருக்கும், மூச்சை அங்கே பிடியுங்கள், தண்ணீரும் அங்கேயே குடியுங்கள்.

மேலே போய் வியர்வையோடு அப்படியே திரும்பாதீர்கள். ஏதாவது சாப்பிடுங்கள், சட்டைக்குள் நெஞ்சோடு ஒரு செய்தித்தாளைச் செருகிக்கொள்ளுங்கள், குளிரில் விரல் மரத்தால் பிரேக் பிடிக்க வராது. இறங்கும்போது நேர்ச்சாலையில் பிரேக்கைப் பிடித்துப் பிடித்து விடுங்கள், இடைவெளியில் ரிம் ஆறும். வளைவுக்கு முன்னாலேயே வேகத்தை முடித்துவிட்டு உள்ளே போனதும் கையைத் தளர்த்துங்கள். வளைவுக்குள் மணலும் டீசல் கறையும் கிடக்கும், மேலே வருகிற பஸ் திரும்பும்போது சாலை முழுவதையும் எடுக்கும், ஏறுகிற வண்டிக்குத்தான் முன்னுரிமை, நில்லுங்கள். குரங்கு ஒன்று குறுக்கே போனால் பின்னால் இன்னும் இரண்டு வரும். ஹேண்டில்பார் நடுங்க ஆரம்பித்தால் இறுக்கிப் பிடிக்காமல் இரண்டு முட்டியாலும் மேல் குழாயை அணைத்துக்கொண்டு மெதுவாக வேகத்தைக் குறையுங்கள், நடுக்கம் அடங்கும். நான் ஐந்தாறு வளைவுக்கு ஒருமுறை ஓரமாக நிறுத்திப் புறங்கையை ரிம்முக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்ப்பேன், அனல் அடித்தால் ஐந்து நிமிஷம் உட்கார்ந்துவிட்டுத்தான் கிளம்புவேன்.

வீட்டுக்கு வந்ததும் முன் பேடைக் கழற்றி, போவதற்கு முன்பு எவ்வளவு கனம் இருந்தது, இப்போது எவ்வளவு என்று குறித்து வையுங்கள். அடுத்த மலைக்கு அந்தப் பேட் தாங்குமா என்று அதை வைத்துச் சொல்லிவிடலாம்.