சினிமா படிக்கச் சேரும் முன் லென்ஸ் பெட்டியைத் திறந்து பாருங்கள்

பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்தில் சொந்தக்காரப் பையன் ஒருவனாவது போன் செய்து "அண்ணா, சினிமா படிக்க எங்கே சேரலாம்" என்று கேட்பான். சினிமாவில் என்ன வேலை என்று நான் திருப்பிக் கேட்பேன். டைரக்‌ஷன் என்பான். எல்லோருக்கும் டைரக்‌ஷன்தான்.

சரி, தப்பில்லை. ஆனால் டைரக்‌ஷனுக்கு ஒரு இயக்குநரிடம் அசிஸ்டென்ட்டாகச் சேரும் வழி கோடம்பாக்கத்தில் இன்றும் திறந்துதான் இருக்கிறது, பிலிம் ஸ்கூல் வாசலை மிதிக்காமலே படம் எடுத்தவர்களும் நிறைய, லோகேஷ் கனகராஜ் பேங்க் வேலையிலிருந்து வந்தவர். கேமரா, சவுண்ட், எடிட்டிங் அப்படியில்லை. கருவியில் கை பழகாமல் அதெல்லாம் வராது, கருவியோ விலை அதிகம். அதனால் படிப்புக்குப் பணம் கட்டுவதென்றால் முதலில் இந்தப் பிரிவுகளுக்குக் கட்டுவதுதான் நியாயம் என்பது என் கட்சி. எந்தப் பிரிவு என்று முடிவு செய்துவிட்டு அப்புறம் இடம் தேடுங்கள்.

முதலில் தரமணி. எம்.ஜி.ஆர். பெயரில் இருக்கும் அரசு திரைப்பட, தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனம், 1945-இல் தொடங்கியது, ஒளிப்பதிவாளர் பி.சி.ஸ்ரீராம் படித்த இடம். நான்கு வருடப் பட்டப்படிப்பு, கட்டணம் தனியார் பக்கம் கேட்பதோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. ஆனால் இடங்கள் ரொம்பக் குறைவு, சில பிரிவுகளுக்கு பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல் படித்திருக்க வேண்டும், இதைக் கடைசி நேரத்தில் தெரிந்துகொண்டு உட்கார்ந்து அழுதவர்களை எனக்குத் தெரியும். விண்ணப்ப அறிவிப்பு வந்ததும் தகுதிப் பகுதியை முதலில் படியுங்கள்.

தனியாரில் சாலிகிராமத்து எல்.வி.பிரசாத் அகாடமி, ராஜீவ் மேனனின் மைண்ட்ஸ்கிரீன், தனஞ்செயனின் போஃப்டா என்று தெரிந்த பெயர்கள் உண்டு. எதுவானாலும் லட்சக்கணக்கில் கட்டும் முன் நேரில் போய்ப் பாருங்கள். வரவேற்பறையில் மாட்டியிருக்கும் போட்டோக்களைப் பார்த்து மயங்காமல் கருவி அறையைக் காட்டச் சொல்லுங்கள். மாணவர்களுக்குக் கொடுக்கும் லென்ஸ் ஒன்றை வாங்கி ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். உள்ளே சிலந்தி வலை மாதிரி மெல்லிய இழைகள் தெரிந்தால் அது பூஞ்சை. சென்னைக் காற்றின் ஈரத்துக்குப் பெட்டியிலேயே போட்டு வைத்த லென்ஸில் வரும், அடிக்கடி எடுத்துத் துடைத்துப் பயன்படுத்தும் லென்ஸில் அவ்வளவு சீக்கிரம் வராது. அந்த லென்ஸை எந்த மாணவனும் வெளியே எடுக்கவில்லை என்று அர்த்தம். அடுத்து, எடிட் லேபில் எத்தனை சிஸ்டம் ஓடுகிறது, இரவில் திறந்து வைப்பார்களா என்று கேளுங்கள். கடைசி வருட மாணவர்கள் எடுத்த படம் இரண்டைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். விருது வாங்கிய படத்தை அவர்களே காட்டுவார்கள், நீங்கள் மற்ற படங்களைக் கேளுங்கள்.

நான் இதையெல்லாம் கேட்கவில்லை. அம்மாவின் வளையலை அடகு வைத்து ஆறு மாத ஒளிப்பதிவுப் பயிற்சி ஒன்றில் சேர்ந்தேன், பெயர் வேண்டாம். முப்பது பேருக்கு ஒரே கேமரா. நோட்டீஸில் பெரிய எழுத்தில் பெயர் போட்டிருந்த ஒளிப்பதிவாளர் தொடக்க நாளன்று வந்து குத்துவிளக்கேற்றினார், ஒரு காபி குடித்தார், அவ்வளவுதான். ஆறு மாதத்தில் நான் எடுத்த ஃபுட்டேஜ் மொத்தம் பதினோரு நிமிடம், அதிலும் பாதி ஃபோகஸ் போனது.

டிவிதான் ஆசை என்றால் கணக்கு வேறு. விஸ்காம் எனும் விஷுவல் கம்யூனிகேஷன் டிகிரி போதும், லயோலா மாதிரிக் கல்லூரிகளில் நல்ல பெயர் இருக்கிறது. செய்தித் தொலைக்காட்சிக்குப் போக நினைப்பவர்கள் டிகிரி முடித்துவிட்டுத் தரமணியிலேயே இருக்கும் ஏசியன் காலேஜ் ஆஃப் ஜர்னலிசத்தைப் பார்க்கலாம். வீட்டில் "டிகிரி இல்லாமல் எப்படிடா" என்று கேட்டால் சண்டை போடாதீர்கள், அதில் நியாயம் இருக்கிறது: புனே பிலிம் இன்ஸ்டிடியூட்டிலும் கொல்கத்தா சத்யஜித் ரே பிலிம் இன்ஸ்டிடியூட்டிலும் மூன்று வருட இயக்கம், ஒளிப்பதிவு, படத்தொகுப்புப் படிப்புகளில் சேர ஏதாவது ஒரு டிகிரி வேண்டும். இங்கே மூன்று வருடம் விஸ்காம் முடித்துவிட்டு அங்கே நுழைவுத் தேர்வு எழுதுவது மோசமான வழியே இல்லை. சான்றிதழ் மட்டும் கொடுக்கும் குறுகிய காலப் பயிற்சியை நம்பி இந்த மூன்று வருடத்தை விட்டுவிடாதீர்கள்.

"நூறு சதவீத வேலைவாய்ப்பு" என்று எழுதியிருந்தால் கொஞ்சம் சிரித்துக்கொள்ளுங்கள். எங்கே படித்தாலும் பெரிய படத்தின் ஸ்பாட்டில் வேலை செய்ய ஃபெப்சி எனும் சினிமாத் தொழிலாளர் சங்கங்களின் கூட்டமைப்புக்குக் கீழே வரும் அந்தந்தச் சங்கத்தில் உறுப்பினர் கார்டு எடுக்க வேண்டியிருக்கும், அதற்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும். அந்தச் செலவையும் இப்போதே கணக்கில் வையுங்கள்.

கடைசியாக ஒன்று செய்யுங்கள். சாயங்காலம் வகுப்பு விடும் நேரத்துக்கு அந்த நிறுவனத்தின் வாசலுக்கு எதிரே இருக்கும் டீக்கடையில் போய் நில்லுங்கள். படிக்கிற பையனோ பெண்ணோ வந்தால், கேமரா கடைசியாக எப்போது கைக்கு வந்தது என்று கேளுங்கள். "நேத்து நைட்டு" என்றால் மறுநாள் போய் விண்ணப்பம் வாங்குங்கள். "அடுத்த செமஸ்டர்ல தர்றேன்னு சொல்லியிருக்காங்க" என்று இரண்டு பேர் சொல்லிவிட்டால், அவர்கள் டீக்கும் சேர்த்துக் காசைக் கொடுத்துவிட்டு பஸ் ஏறிவிடுங்கள்.