பழைய கடிதத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பாருங்கள்

ரங்கூனில் நம் வீட்டுப் பெரியவர்களின் டிரங்குப் பெட்டியில் ஊரிலிருந்து வந்த பழைய கடிதங்கள் கிடக்கின்றனவா? படித்து முடித்ததும் ஒன்றைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். வாசிக்க வராது, கோடுகள் மட்டும் கண்ணில் படும். வரி எங்கே சரிகிறது, இடம் போதாமல் எழுத்து எங்கே ஓரத்தில் ஏறுகிறது, எல்லாம் ஓவியம் மாதிரி தெரியும். அப்புறம் ஜன்னலோரம் தாளைச் சாய்த்து, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி பிடியுங்கள். பேனா அழுத்திய பள்ளங்கள் தெரியும். என் தாத்தா எழுதிய கடிதங்களில் பிள்ளையார் சுழியில்தான் அழுத்தம் அதிகம். பின்பக்கம் தடவினாலே விரலுக்குத் தட்டுப்படும்.

‘லை’, ‘ணை’, ‘னை’ எழுத்துகளைத் தேடுங்கள். தமிழ்நாட்டில் 1978-இல் எழுத்துச் சீர்திருத்தம் வருவதற்கு முன் அவை யானைத் துதிக்கை போல வளைந்திருந்தன. அந்த வளைவு ஆளுக்கு ஆள் மாறும், அவ்வளவு அழகு! உறையில் பர்மிய எழுத்து இருந்தால் அதன் வட்டங்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

லேமினேஷன் மட்டும் வேண்டாம். சுவரில் மாட்ட ஸ்கேன் பிரதி போதும். மூலக் கடிதம் வெயில் படாத இடத்தில் இருக்கட்டும்.