மின்துறைச் சீர்திருத்தம் என்று செய்தி வந்தால் எங்கே பார்ப்பது

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் மின்சார வேலைகளைப் பார்க்கும் சார்ஜ்மேனாக இருக்கிறேன். கட்டணம் மாறும் ஒவ்வொரு முறையும் பக்கத்து வீட்டு அக்காவிலிருந்து கோயில் பொருளாளர் வரை பில்லைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். "தம்பி, ஏறுமா இறங்குமா?" கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அரசின் கையில் இருக்கும் மின்துறையை ஒரு நாடு மாற்றி அமைக்கும்போது, அதற்கான பதில் முதல் மாத பில்லில் இருக்காது. ஒப்பந்தத்தில்தான் இருக்கும்.

அதனால் முதலில் பார்க்க வேண்டியது, தனியார் மின்நிலையத்தோடு என்ன பேசிக் கையெழுத்துப் போட்டார்கள் என்பது. நம் நாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 1949இல் தொடங்கிய மின்வாரியம், 1990 செப்டம்பரில் தெனாகா நேஷனல் நிறுவனமானது. 1992 செப்டம்பர் 29 அன்று தீபகற்பம் முழுக்கக் கரண்ட் போனது. உடனே மின்நிலையம் வேண்டும் என்ற அவசரம். 1993இலிருந்து தனியாருக்கு உரிமம் கொடுத்தார்கள். முதல் ஒப்பந்தங்கள் 21 ஆண்டுக்கு. அதில் கொள்ளளவுக் கட்டணம் என்று ஒன்று உண்டு, மின்நிலையம் தயாராக நிற்பதற்கே கொடுக்கும் காசு. செம்பனைக் குலை ஏற்றும் லாரியை வாடகைக்குப் பேசி வாசலில் நிறுத்தினால், ஓடாத நாளுக்கும் வாடகை கொடுக்க வேண்டும் இல்லையா, அதேதான். 1997இல் பொருளாதாரம் விழுந்து தேவை குறைந்தபோதும் அந்த வாடகை நிற்கவில்லை. எரிவாயுவையும் அதே 1997இலிருந்து குறைந்த விலையில் நிறுத்தி வைத்தார்கள். அந்த மானியம் அரசு எண்ணெய் நிறுவனமான பெட்ரோனாஸ் கணக்குக்குள் போனதால் வீட்டு பில்லில் யாருக்கும் தெரியவில்லை.

எந்த நாட்டுத் திட்டமானாலும் இந்த இரண்டையும் தேடுங்கள்: தேவை குறைந்தால் நட்டம் யாருக்கு, எரிபொருள் விலை ஏறினால் யார் கொடுப்பது. இதற்குப் பதில் சொல்லாத அறிக்கையைச் சீர்திருத்தம் என்று நான் ஏற்க மாட்டேன்.

அப்புறம் ஆண்டுகளை வரிசைப்படுத்திப் பாருங்கள். கண்காணிப்பு ஆணையம் முதலில் வந்ததா, ஒப்பந்தமா? இங்கே எரிசக்தி ஆணையச் சட்டம் 2001இல்தான் வந்தது, உரிமம் கொடுத்து எட்டு ஆண்டு கழித்து. எனக்கு இதுதான் பெரிய வருத்தம். கையெழுத்துப் போட்ட பிறகு வரும் ஆணையத்தால் பழைய ஒப்பந்தத்தைப் பெரிதாகத் தொட முடியாது. மின்வாரியத்தைத் தனித்தனி நிறுவனங்களாகப் பிரிப்பது மட்டும் போதாது என்பதற்குத் தமிழ்நாடு சாட்சி. 2010இல் பிரித்தார்கள், கடன் கூடவே வந்தது. பிலிப்பைன்ஸ் 2001இல் சட்டம் போட்டுத் தனியாருக்கு விற்றது. இன்னும் தென்கிழக்காசியாவில் கட்டணம் அதிகமான நாடுகளில் அது ஒன்று.

சரி, இப்போது பில்லுக்கு வருவோம். 2025 ஜூலையிலிருந்து கட்டணத்தைப் பிரித்துப் போடுகிறார்கள். வீட்டுக்கு 1,500 யூனிட் வரை எரிசக்தி 27.03 சென், கொள்ளளவு 4.55 சென், கம்பி வலைக்கு 12.85 சென். அந்த 4.55தான் நான் சொன்ன லாரி வாடகை. இது கண்ணுக்குத் தெரிவது நல்ல மாற்றம். இனி அது ஏறினால் ஏன் என்று நேராகக் கேட்கலாம். 200 யூனிட் ஓடும் வீட்டுக்கு மூன்றும் சேர்ந்து 88 ரிங்கிட் 86 சென். சிக்கன ஊக்கத்தொகை யூனிட்டுக்கு 25 சென் கழியும், மிச்சம் 38.86. பழைய 21.80 சென் கணக்கில் 43.60 வந்திருக்கும். 600 யூனிட்டுக்குள் இருந்தால் 10 ரிங்கிட் சில்லறைக் கட்டணமும் இல்லை, மாதாமாதம் மாறும் எரிபொருள் சரிக்கட்டலும் இல்லை. ஆக, அக்காவுக்குப் பதில்: உங்களுக்கு இறங்கியிருக்கிறது. ஆனால் அதை இறக்கியது அந்த ஊக்கத்தொகை. அதன் விகிதத்தில் கண் வைத்திருங்கள்.

கடைசி வீட்டுக்குக் கம்பி இழுக்கும் செலவு யாருடையது என்பதையும் விட்டுவிடாதீர்கள். நம் பேராக்கில் செண்டெரோ அணையை 1930இல் ஒரு தனியார் கம்பெனிதான் கட்டியது. கரண்ட் வெள்ளீயச் சுரங்கங்களுக்குப் போனது, தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயத்தில் மண்ணெண்ணெய் விளக்குதான். காசு எங்கே வருமோ அங்கேதான் கம்பெனி கம்பி இழுக்கும். அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. மற்ற இடத்துக்கு யார் என்று சட்டத்தில் எழுதி வைக்க வேண்டியது அரசு.

ஏழைகளுக்கான சலுகை எந்த வழியாக வருகிறது என்றும் கேளுங்கள். அரசு வைத்திருக்கும் வறியோர் பட்டியலான இ-காசேயில் உள்ள மிக வறிய குடும்பத்துக்கு மாதம் 40 ரிங்கிட் கழிவு உண்டு. அது மின்கணக்கில் கழிக்கப்படுவது. தோட்ட வீட்டில் மீட்டர் கம்பெனி பெயரில் இருந்தால் உங்களுக்கென்று கணக்கு எங்கே இருக்கிறது? பில்லில் யார் பெயர் என்று இன்றைக்கே பாருங்கள். உங்கள் பெயர் இல்லையென்றால், தனி மீட்டர் கிடைக்குமா என்று தோட்ட அலுவலகக் கிராணியிடம் எழுத்தில் கேளுங்கள். கடிதத்தின் நகலில் தேதி போட்டு, வாங்கியதற்குக் கையெழுத்தும் வாங்கி வையுங்கள்.