இணைய ஆதரவுக் குழுவில் ஆய்வு: ஒப்புதல் பெறும் முறை

புற்றுநோயாளிகளும் அவர்களைப் பேணும் குடும்பத்தினரும் பேசிக்கொள்ளும் மூடிய வாட்ஸ்அப், ஃபேஸ்புக் குழுக்களை ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளும் மாணவர்களுக்காக, நான் கைக்கொண்ட முறையை எழுதுகிறேன். நிறுவன நெறிமுறைக் குழுவின் அனுமதியும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 2017இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளும் நீங்கள் அறிந்தவை என்பதால் அவற்றைக் கடந்து செல்கிறேன்.

படி 1: குழுவில் சேரும் முன்பே அட்மினுக்கு எழுதி, நீங்கள் ஆய்வாளர் என்பதைச் சொல்லிவிடுங்கள். நோயாளியின் உறவினர்போல நுழைந்து, சில வாரங்கள் படித்துவிட்டுப் பிறகு சொல்லிக்கொள்வது ஒட்டுக்கேட்பதற்குச் சமம். பேஷன்ட்ஸ்லைக்மீ தளத்தில் மனநலம் பற்றி நோயாளிகள் தங்களுக்குள் எழுதிக்கொண்டவற்றை சந்தை ஆய்வு நிறுவனமான நீல்சன் உறுப்பினர் கணக்கு வழியே நகலெடுத்தது 2010இல் கண்டுபிடிக்கப்பட்டது. அங்கே யாரும் சந்தை ஆய்வுக்காக எழுதவில்லை.

படி 2: நான் நெடுநாள் தடுமாறிய இடம் இதுதான். அட்மின் சம்மதித்தால் உறுப்பினர்களும் சம்மதித்ததாகக் கொள்ளலாமா? கூடாது. யாருடைய சொற்களை எடுக்கப்போகிறீர்களோ, அவரிடமே தனிச்செய்தியில் கேளுங்கள். பதில் வராவிட்டால் மறுத்ததாகவே எடுத்துக்கொள்ளுங்கள். இணைய அரட்டை அறைகளைப் பற்றி ஹட்சனும் ப்ரக்மனும் 2004இல் வெளியிட்ட ஆய்வில், விரும்பினால் சேரலாம் என்று அழைக்கப்பட்ட 766 பேரில் நால்வரே முன்வந்தனர். ஆகவே, சிலரிடம் ஆழமாகப் பேசினாலே போதும் என்னும்படி ஆய்வை முதலிலேயே வடிவமைத்துக்கொள்வது நல்லது. தாயின் நோயைப் பற்றி மகள் எழுதியிருந்தால், மகளின் ஒப்புதல் தாய்க்கும் சேர்த்துத் தரப்பட்டதாகாது.

கேட்கும் விதத்தில், கூகுள் படிவத்தைவிடத் தமிழில் பேசி அனுப்பும் குரல்செய்தியே எனக்கு உகந்ததாகப் படுகிறது. கீமோதெரபியால் களைத்திருப்பவர் இரண்டு பக்கப் படிவத்தைப் படிக்கமாட்டார். அவர் தரும் பதிலைச் சேமித்துக்கொள்ளுங்கள்.

படி 3: வாட்ஸ்அப் உரையாடலை மொத்தமாக ஏற்றுமதி செய்யாதீர்கள், ஒப்புதல் தராதவர்களின் பெயர்களும் எண்களும் அதில் சேர்ந்தே வந்துவிடும். ஸ்கிரீன்ஷாட்டும் வேண்டாம். தேவையானதை மட்டும் கையால் தட்டச்சு செய்து, வெராகிரிப்ட் என்னும் குறியாக்க மென்பொருளால் பூட்டிய கோப்பில் வைக்கிறேன்.

படி 4: கட்டுரையில் ஒருவரின் வரியை அப்படியே மேற்கோள் காட்டினால், குழுவிலுள்ளவர்கள் அந்த நடையை வைத்தே ஆளைக் கண்டுகொள்வார்கள். ஊர், மருத்துவமனை, அரிய புற்றுநோய் வகை ஆகிய மூன்றும் சேர்ந்தால் பெயரை மறைத்தும் பயனில்லை. கருத்தை உங்கள் சொற்களில் எழுதி, எழுதியதை அவரிடமே காட்டுங்கள்.

பின்சேர்க்கை: ஒப்புதல் தந்தவர் ஆய்வு முடியும் முன் இறந்துவிட்டால் என்ன செய்வது என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். இப்போது, ஒப்புதல் பெறும்போதே, தமக்குப் பிறகும் அந்தச் சொற்களைப் பயன்படுத்தலாமா, அதை வீட்டில் யாரிடம் தெரிவிக்க வேண்டும் என்னும் இரண்டு கேள்விகளையும் சேர்த்துக் கேட்கிறேன்.