ரோலர் டெர்பி தேர்வு: 27 சுற்றில் எனக்குச் சிக்கியதும் சரிசெய்ததும்

ரோலர் டெர்பி என்பது சக்கர ஸ்கேட் அணிந்து, நீள்வட்டப் பாதையில் இரு அணிகள் மோதும் ஆட்டம். அணியில் சேரும் தேர்வில் ஒன்று, அந்தப் பாதையில் 5 நிமிடத்தில் 27 சுற்று. பல அணிகள் வெகுகாலம் கேட்டுவந்த அளவு இது. சுற்றுக்கு 11 வினாடிக்குச் சற்று அதிகம் கிடைக்கும். எனக்கு 22-ஐத் தாண்டவில்லை. மூச்சுப் போதவில்லை என்றே நினைத்தேன். கோளாறு இடது காலில் இருந்தது.

ஓட்டம் எப்போதும் கடிகாரத்துக்கு எதிர்த்திசை. வளைவில் வலது கால் இடதைத் தாண்டி விழும்போது, இடது கால் அதன் அடியில் வெளிப்பக்கமாகத் தள்ள வேண்டும். புதியவர்கள் அதைச் சும்மா தூக்கி வைப்பார்கள். பாதி விசை வீண். இடது காலால் மட்டும் தள்ளி, ஒரு வட்டத்தை நாளுக்கு 10 நிமிடம் சுற்றினால் பழகிவிடும்.

பாதையும் முக்கியம். பாதையின் உள்விளிம்பையே ஒட்டி ஓடினால் வளைவில் வேகம் செத்துவிடும். நேர்ப்பகுதியில் வெளிப்பக்கம் போய், வளைவின் நடுவில் உள்விளிம்பைத் தொட்டு, மறுபடி வெளியே வாருங்கள்.

அப்படியும் ஸ்கேட் திரும்ப மறுத்தால் டிரக்கை (சக்கர அச்சைத் தாங்கும் பாகம்) ஸ்கேட்டோடு பிணைக்கும் கிங்பின் என்ற போல்ட்டின் நட்டைக் கால் சுற்று தளர்த்துங்கள், இரு ஸ்கேட்டின் நான்கு டிரக்கிலும் ஒரே அளவு. பிறகு பூட்டு நட்டை இறுக்க மறக்காதீர்கள். சக்கரம் வழுக்கினால் இன்னும் மென்மையானது தேவை. தரையைப் பொறுத்து 88ஏ முதல் 95ஏ வரை பார்க்கலாம் (இது சக்கரத்தின் கடினத்தன்மை அளவு; எண் குறைந்தால் மென்மை).

விழுவதையும் பழகுங்கள்: முழங்கால் கவசத்தின் மேல் இறங்கி, கையை ஊன்றாமல் 3 வினாடிக்குள் எழ வேண்டும். விரலை விரித்து ஊன்றினால் யாராவது ஏறிப் போவார்கள்.